ஐந்து பலகை, ஒரே ஆட்டமா?

சிங்கப்பூரில், டோக்கன் போட்டு மெஷினில் ஆடும் ஒரு வீடியோ கேம் கடையில் 1991 முதல் 1995 வரை மெஷின் பழுது பார்த்தேன் என்று போன இதழில் ஒரு பதிலின் நடுவே எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இவ்வளவு கடிதங்கள் வந்துவிட்டன. பாதிக்கு மேல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 என்ற சண்டை ஆட்டம் பற்றியவை. அதனால் இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே. மின்விசிறி, மிக்ஸி, இன்வர்ட்டர் கேள்விகள் அனுப்பியவர்கள் ஒரு இதழ் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆட்டங்கள் அடங்கிய தொகுப்பை வாங்கித் தரச் சொல்லி என் மகன் கேட்கிறான். பட்டியலைப் பார்த்தால் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ மட்டும் ஐந்து இருக்கிறது. ஒரே ஆட்டத்தை ஐந்து தடவை விற்றிருக்கிறார்களா?
மா. செ., ஈரோடு

பெயரைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஐந்தின் பலகைகளையும் (மெஷினுக்குள் ஆட்டம் இருக்கும் மின்னணுப் பலகை) என் கையால் மாட்டிக் கழற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன், அவை ஐந்தும் வெவ்வேறு ஆட்டங்கள்.

ஜப்பானில் ஒசாகா நகரத்துக் கம்பெனி கேப்காம். 1991-இல் அவர்கள் வெளியிட்ட முதல் பதிப்புக்கு ‘தி வேர்ல்ட் வாரியர்’ என்று துணைப்பெயர். இரண்டு பேர் எதிரெதிரே நின்று மோதும் ஆட்டம். ஆளுக்கு ஒரு ஜாய்ஸ்டிக், ஆறு பட்டன். மூன்று குத்துக்கு, மூன்று உதைக்கு. ஒவ்வொன்றிலும் லேசானது, நடுத்தரமானது, பலமானது. எட்டு வீரர்களில் ஒருவரை நாம் எடுத்துக்கொள்ளலாம். கடைசியில் வரும் நான்கு பலசாலிகள் கம்ப்யூட்டருக்கு மட்டும். இருவரும் ஒரே வீரரை எடுக்க முடியாது என்று ஒரு விதி வேறு. எங்கள் கடையில் தினமும் தகராறு வந்தது அந்த விதியால்தான். ஜெயித்து நிற்பவன் கைல் என்ற அமெரிக்க ராணுவ வீரனை வைத்திருந்தால், அடுத்து டோக்கன் போடுகிறவனுக்குக் கைல் கிடையாது. ஒரு வருடம் கைலை மட்டுமே பழகியவன் என்ன செய்வான்?

1992-இல் வந்த ‘சாம்பியன் எடிஷன்’ அந்த விதியை எடுத்துவிட்டது. கடைசி நால்வரையும் நம் கைக்குக் கொடுத்தது. அதே ஆண்டு முடிவதற்குள் ‘டர்போ: ஹைப்பர் ஃபைட்டிங்’ வந்தது, வேகம் கூடியது, சிலருக்குப் புதிய வித்தைகள் கிடைத்தன. 1993-இல் ‘சூப்பர்’, நான்கு புதிய ஆட்களோடு. 1994-இல் ‘சூப்பர் டர்போ’. மூன்று ஆண்டுகளில் ஐந்து.

இதில் வியாபாரம் இல்லை என்று சொல்ல மாட்டேன். வீட்டு டிவியில் மாட்டி ஆடும் சூப்பர் நின்டெண்டோ கேசட்டின் கணக்கைப் பாருங்கள். முதல் பதிப்பு 63 லட்சம் விற்றது. டர்போ 41 லட்சம். சூப்பர் 20 லட்சம். பெற்றவர்களுக்கு ஏற்பட்ட அலுப்பு அந்த எண்களிலேயே தெரிகிறது. ஒவ்வொன்றுக்கும் முழு விலை கொடுத்தவர்களின் கோபம் நியாயமானது. கடையில் ஆடியவர்களுக்கு அந்தக் கஷ்டமில்லை. பலகை மாறினாலும் அவர்களுக்கு அதே ஒரு டோக்கன்தான்.

உங்கள் மகன் கேட்கும் தொகுப்பில் ஐந்தும் ஒரே விலைக்குள் வருகிறது. வாங்கிக் கொடுங்கள். வரிசைப்படி ஆடச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் என்ன மாறியிருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். ஒரு மாதத்தில் அவனே உங்களுக்கு விளக்குவான்.

சாம்பியன் எடிஷனில் திருத்தியதால் கெட்டுப்போன விஷயம் ஏதாவது உண்டா?
ர. வி., திண்டுக்கல்

உண்டு. முதலில் சரியானதைச் சொல்கிறேன்.

முதல் பதிப்பில் கைலுக்குள் சில பிழைகள் ஒளிந்திருந்தன. ஜாய்ஸ்டிக்கையும் பட்டனையும் ஒரு குறிப்பிட்ட ஒழுங்கில் அழுத்தினால், தூரத்தில் நிற்கும் எதிராளியைத் தொடாமலே தூக்கி எறிவான். இன்னொரு ஒழுங்கில் அழுத்தினால் எதிராளி அவனோடு ஒட்டிக்கொள்வான். விலங்கு மாட்டியது போல அவன் போகுமிடமெல்லாம் இழுபடுவான். இன்னொன்றில் மெஷினே உறைந்து நின்றுவிடும். தோற்கும் நிலையில் இருக்கும் பையன்கள் வேண்டுமென்றே அதைச் செய்வார்கள். நான் பின்பக்கம் போய் சுவிட்சை அணைத்துப் போட வேண்டும். ஜெயிக்கப் போனவன் தன் டோக்கனைக் கேட்டு என் முன்னால் வந்து நிற்பான். கையிலிருந்து கொடுத்திருக்கிறேன். சாம்பியன் எடிஷன் வந்த நாளிலிருந்து அந்த வேலை எனக்கு நின்றது.

கெட்டுப்போனது எம். பைசன். கடைசித் தலைவன், சிவப்புச் சீருடைக்காரன். அவனை ஆடுபவர் கையில் கொடுத்தவர்கள், அவனுடைய கத்தரி உதையை வைத்துக்கொண்டு மனிதர்கள் என்ன செய்வார்கள் என்று போதுமான அளவு யோசிக்கவில்லை. அந்த உதையைத் தடுத்தாலும் உயிர்க்கோடு (எவ்வளவு உயிர் மிச்சம் என்று திரையில் காட்டும் கோடு) கொஞ்சம் குறையும். திருப்பி அடிக்க இடைவெளி கிடைக்காது. மறுபடி அதே உதை. சுவரோரம் மாட்டியவன் கடைசிவரை தடுத்துக்கொண்டே செத்தான். எங்கள் கடையில் ஒருவர், நாற்பது வயதிருக்கும், மாலை ஆறு மணிக்கு வந்து பைசனை எடுத்தால் ஒன்பது மணி வரை எழுந்திருக்க மாட்டார். அடுத்த பதிப்பில் பைசனின் கையைக் கட்டினார்கள். அந்த மனிதர் இரண்டு நாள் வந்து பார்த்தார். அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை.

அவர் செய்தது தவறில்லை. ஆட்டம் அனுமதித்ததைத்தான் செய்தார். ஒருவர் மாதக்கணக்கில் கையில் ஏற்றிவைத்த பழக்கத்தை ஒரே ராத்திரியில் ஒரு சிப் செல்லாமல் ஆக்கிவிடும். திருத்திய பதிப்பு என்றால் இதுவும் சேர்த்துத்தான்.

‘ரெயின்போ’ என்று ஒரு பதிப்பு இருந்ததாக என் அண்ணன் சொல்கிறார். இணையத்தில் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இல்லை. உண்மையா?
ஜெ. கா., கோயம்புத்தூர்

அண்ணன் சொல்வது உண்மை. அது கேப்காம் செய்ததில்லை. சாம்பியன் எடிஷனைத் திருட்டுத்தனமாக மாற்றியவர்கள் செய்தது. தலைப்பு எழுத்தில் வானவில் நிறம் இருந்ததால் அந்தப் பெயர்.

நான் அதை மாட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. முதலாளி ஒரு சாயங்காலம் சின்ன அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். உள்ளே கறுப்பு நுரையில் கால்கள் குத்தி நிறுத்திய சிப்கள். அவற்றின் நடுவில் இருக்கும் கண்ணாடி ஜன்னல் மேல் ஸ்டிக்கர்கூட ஒட்டியிருக்கவில்லை. அந்த ஜன்னல் வழியாகப் புற ஊதா ஒளி பட்டுக்கொண்டே இருந்தால் உள்ளே எழுதியது அழிந்துபோகும். கறுப்பு இன்சுலேஷன் டேப்பைக் கத்தரித்து ஒவ்வொன்றின் மேலும் ஒட்டினேன். பிறகு சாம்பியன் எடிஷன் பலகையிலிருந்த சிப்களை, கால் வளையாமல், இரு பக்கமும் மாற்றி மாற்றி நெம்பி எடுத்தேன். அசல் சிப்களைக் கறுப்பு நுரையில் குத்தி என் மேசை இழுப்பறையில் வைத்தேன். அவை மறுபடி தேவைப்படும் என்று எனக்குத் தோன்றியது.

பவர் போட்டதும் கடையே சுற்றி நின்றது. வானத்தில் பறந்துகொண்டே நெருப்புப் பந்து வீசுகிறான் ரியூ என்ற வீரன். பந்து நேராகப் போகாமல் எதிராளியைத் தேடிக்கொண்டு போகிறது. சண்டையின் நடுவில் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் ஆளே மாறிவிடுகிறான். முதல் வாரம் மெஷினைச் சுற்றி நிற்க இடமில்லை. மூன்றாவது வாரம் பக்கத்து மெஷினுக்குப் போய்விட்டார்கள். எதுவும் எப்போதும் நடக்கும் என்றால் பழகுவதற்கு அதில் என்ன இருக்கிறது? இழுப்பறையைத் திறந்து பழைய சிப்களைத் திரும்பப் போட்டேன்.

ஆனால் அந்தத் திருட்டுப் பதிப்பு ஒரு நல்ல காரியத்துக்கும் காரணமாக இருந்தது. அமெரிக்கக் கேப்காமில் வேலை பார்த்த ஜேம்ஸ் கோடார்ட் இந்தத் திருட்டு ஆட்டங்களைப் பார்த்தார். ஜனங்களுக்கு வேகம் வேண்டும், பழைய ஆட்கள் புதிதாக ஏதாவது செய்ய வேண்டும் என்று புரிந்துகொண்டு, ஒசாகாவிலிருந்தவர்களை வற்புறுத்தினார். அப்படி வந்ததுதான் ஹைப்பர் ஃபைட்டிங். ரியூவும் கென்னும் ஆகாயத்தில் சுழல் உதை போடலாம். சுன்-லி என்ற பெண் வீரருக்கு வீச ஒரு பந்து கிடைத்தது. திருடர்கள் கேட்டதை அளவோடு, ஒழுங்கோடு கொடுத்தார்கள். நெருப்புப் பந்து நேராகவே போனது.

ஆட்டத்தில் வரும் நம் நாட்டு வீரர் தல்சிம் பற்றிச் சொல்லுங்கள். அவரை ஏன் அப்படி வரைந்தார்கள்?
சு. நி., மதுரை

கழுத்தில் மண்டையோட்டு மாலை, கால் கையெல்லாம் ரப்பராக நீளும், வாயிலிருந்து நெருப்பு, பின்னால் வரிசையாக யானைகள். யோகம் என்ற சொல்லைக் கேட்டவர்கள் தூரத்திலிருந்து கற்பனை செய்த இந்தியா அது. அந்தப் படத்தைப் பார்த்து எனக்கு மனம் கஷ்டப்பட்டது உண்மை. என் அப்பா காலையில் ஆசனம் செய்வார். அவர் வாயிலிருந்து மூச்சைத் தவிர வேறெதுவும் வந்து நான் பார்த்ததில்லை.

ஆனால் ஆட்டத்துக்குள் அவரை வடித்த விதத்தில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. மற்ற பலரும் நெருங்கி வந்து அடிக்க, அவர் தூரத்தை வைத்து ஆடுகிறவர். நடை மெதுவானது. குதித்தால் இறங்க நேரமாகும். கை நீளும்போது அந்தக் கையிலேயே அடி விழும். அதனால் எதிராளி அடுத்து என்ன செய்வான் என்று முன்கூட்டியே தெரிந்தவர்தான் அவரை ஆட முடியும். முதல் பதிப்பில் யாராவது பக்கத்தில் வந்துவிட்டால் அவர் பாடு திண்டாட்டம். ஹைப்பர் ஃபைட்டிங்கில் மறைந்து வேறிடத்தில் தோன்றும் வித்தையைக் கொடுத்தார்கள். ஒரே ஒரு வித்தை. அதற்குப் பிறகு மூலையில் மாட்டிய தல்சிம்மை யாரும் நிச்சயமாகத் தோற்றவர் என்று எண்ண முடியாது. திருத்தம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நான் நினைப்பது இதைத்தான். அவர் இன்னும் மெதுவாகவே நடக்கிறார், அவருடைய குணம் மாறவில்லை. போக்கிடமில்லாத இடத்தில் ஒரு கதவு திறந்தது.

எங்கள் கடையில் அவரை நன்றாக ஆடியவர் ஒரு சீனத் தாத்தா. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்னைப் பார்த்தால் “உன் ஊர்க்காரர் இன்றைக்கும் ஜெயித்தார்” என்று மலாயில் சொல்லிவிட்டுப் போவார்.

குத்துச்சண்டைக்காரர் பெயர் பால்ராக் என்கிறார்கள். ஜப்பான் வீடியோவில் அவரையே எம். பைசன் என்கிறார்கள். எது சரி?
அ. பே., தூத்துக்குடி

இரண்டும் சரி. ஜப்பானில் அவர் எம். பைசன். மைக் டைசனைப் போலவே உருவமும் பெயரும் இருந்ததால், அமெரிக்காவில் வழக்கு வரலாம் என்று பயந்து மூன்று பேரின் பெயர்களைச் சுழற்றி மாற்றினார்கள். சிவப்புச் சீருடைச் சர்வாதிகாரியின் ‘வேகா’, கையில் நகம் மாட்டிய நகக்கையனுக்குப் போனது, நகக்கையனின் ‘பால்ராக்’ குத்துச்சண்டைக்காரருக்கு வந்தது, ‘எம். பைசன்’ சர்வாதிகாரிக்கு. நான் மேலே எழுதியதெல்லாம் ஜப்பானுக்கு வெளியே வழங்கும் பெயர்கள். பல நாட்டவர் கூடும் போட்டிகளில் குழப்பம் வராமலிருக்க ‘பாக்ஸர்’, ‘கிளா’, ‘டிக்டேட்டர்’ என்றே சொல்லிக்கொள்கிறார்கள்.

ஒரு அடி விழுந்ததும் எதிராளி தடுக்க முடியாதபடி அடுத்தடுத்து அடிப்பதை ‘காம்போ’ என்கிறோம். அதைக் கண்டுபிடித்தவர் யார்?
ப. தி., தஞ்சாவூர்

யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இல் இடையில் ஒரு கார் வரும். நேரம் முடிவதற்குள் அதை அடித்து நொறுக்க வேண்டும். கேப்காமின் நோரிடகா ஃபுனாமிசு அந்தக் கட்டத்தில் பிழை இருக்கிறதா என்று சோதித்துக்கொண்டிருந்தபோது, சரியான கணத்தில் அழுத்தினால் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே இன்னொரு அடியை நுழைக்க முடிகிறது என்று கவனித்தார். அந்தக் கணம் மிகவும் சின்னது. சாதாரண மனிதருக்கு இது கைவராது என்று எண்ணி அப்படியே விட்டுவிட்டார்கள்.

சாதாரண மனிதர்களுக்குக் கைவந்தது. எங்கள் கடையில் எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையன் ஸ்கூல் பையைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, கென்னை வைத்து அதே மூன்று அடியை அரை மணி நேரம் பழகுவான். இரண்டு தடவை விழும், மூன்றாவது தவறும். எனக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிடும். மூன்று பட்டனும் ஒரே சீராகக் கேட்டால் விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

பதிப்புகளின் கதையில் இதற்கு ஒரு பெரிய இடம் உண்டு. கைலின் பிழைகளை நீக்கினார்கள், இந்தப் பிழையை நீக்கவில்லை. அதற்கு மாறாக, 1993-இல் வந்த சூப்பரில் எத்தனை அடி தொடர்ந்து விழுந்தது என்று திரையில் எண்ணியே காட்டினார்கள். கண்டுபிடித்த பையன்களுக்குக் கம்பெனி கொடுத்த மரியாதை அது. இன்றைக்கு வரும் சண்டை ஆட்டம் எல்லாவற்றுக்கும் காம்போதான் உயிர்.

சூப்பர் பதிப்பில் நான்கு புது ஆட்கள், நல்ல சத்தம், நல்ல நிறம் எல்லாம் இருந்தும் பலருக்கு அது பிடிக்கவில்லையாமே?
கு. ரா., நாகர்கோவில்

வேகத்தைக் குறைத்துவிட்டார்கள், அதனால்தான்.

ஹைப்பர் ஃபைட்டிங்கில் ஒரு வருடம் ஆடிப் பழகிய கைகளுக்கு சூப்பர், தண்ணீருக்குள் நின்று சண்டை போடுவது போல இருந்தது. புதிய ஆட்கள் கேமி, ஃபெய் லாங், டீ ஜே, டி. ஹாக், நால்வருமே நன்றாக வடிக்கப்பட்டவர்கள். புதிய பலகையில் கியூசவுண்ட் ஒலி. ஸ்பீக்கரை நான் சரியாக மாட்டிய பிறகு, கைலின் இசை இடமும் வலமும் பிரிந்து கேட்டபோது மயிர்க்கூச்செறிந்தது. யோகோ ஷிமோமுரா அமைத்த மெட்டுகள் அவை. ஒருவருக்கு உயிர்க்கோடு குறைந்ததும் பாட்டின் வேகம் கூடும்; பக்கத்து மெஷினைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாலும் அந்தப் பாட்டைக் கேட்டு நான் தலையைத் திருப்புவேன். இவ்வளவு இருந்தும், கடைக்கு வந்த பையன்கள் இரண்டு டோக்கன் போட்டுவிட்டு “அண்ணே, பழையது எங்கே?” என்று கேட்டார்கள்.

சில மாதங்களில், 1994-இல், சூப்பர் டர்போ வந்தது. வேகம் திரும்பி வந்தது. கடைக்காரர் அனுமதித்தால் ஆடுபவரே வேகத்தைத் தேர்ந்தெடுக்கலாம். கீழே ஒரு கோடு நிறைந்தால் பெரிய வித்தை ஒன்று போடலாம். தூக்கி எறியப்பட்டவர் சரியான நேரத்தில் அழுத்தினால் அடியைக் குறைத்துக்கொண்டு காலில் இறங்கலாம். இந்தக் கடைசி மாற்றத்தை யாரும் விளம்பரம் செய்யவில்லை. என் மதிப்பில் அந்தப் பதிப்பின் மிக நல்ல திருத்தம் அதுதான்.

அகுமாவும் அதில்தான் முதலில் வந்தார். மறைந்திருக்கும் ஆள். எல்லோரையும் தாண்டிக் கடைசிவரை நன்றாக ஆடி வந்தவருக்கு முன்னால் திடீரென்று தோன்றி, எம். பைசனை ஒரே மூச்சில் கொன்றுவிட்டு எதிரே நிற்பார். முதல் தடவை எங்கள் கடையில் அது நடந்தபோது ஆடிக்கொண்டிருந்தவன் ஜாய்ஸ்டிக்கை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான், மெஷின் கெட்டுவிட்டதோ என்று. ரகசிய முறையில் அவரை நாமும் எடுக்கலாம். ஆனால் மற்ற ஆட்களோடு ஒப்பிடவே முடியாத பலம் என்பதால் போட்டிகளில் அவருக்குத் தடை.

டீ ஜேயின் கால்சட்டையில் ‘மேக்ஸிமம்’ என்று எழுதியிருப்பது ஏன்?
வி. ஹ., 7-ஆம் வகுப்பு, வேலூர்

நல்ல கண் உனக்கு. ஒருவர் வலப்பக்கம் பார்க்கும் படத்தை மட்டும் வரைந்துவிட்டு, இடப்பக்கம் திரும்பும்போது அதையே கண்ணாடியில் தெரிவது போல மெஷின் திருப்பிப் போட்டுவிடும். நினைவிடத்தை மிச்சப்படுத்த அந்த வழி. சாகட் என்ற வீரர் திரும்பும்போது அவர் கண்ணை மூடிய பட்டை அடுத்த கண்ணுக்குப் போகும், பார்த்திருப்பாய். சாதாரண எழுத்தை அப்படித் திருப்பினால் இடவலம் மாறிப் படிக்க முடியாமல் போகும். MAXIMUM என்ற அந்த ஆங்கிலச் சொல்லில் உள்ள எழுத்துகள் ஒவ்வொன்றும் கண்ணாடியில் பார்த்தாலும் அதே வடிவம். மேலிருந்து கீழாக எழுதிவிட்டால் எந்தப் பக்கம் திரும்பினாலும் சரியாகப் படிக்கலாம். ஒரு தாளில் எழுதிக் கண்ணாடி முன் பிடித்துப் பார், தம்பி.

ஐந்தில் உங்களுக்குப் பிடித்தது எது?
லெ. சி., திருவாரூர், இதே கேள்வியை இன்னும் பதினோரு பேர் கேட்டிருக்கிறார்கள்

ஹைப்பர் ஃபைட்டிங். அதில் புது ஆள் யாரும் இல்லை. இருக்கும் பன்னிரண்டு பேரையும் உட்காரவைத்து, ஒவ்வொருவருக்கும் எது குறை என்று கேட்டுக் கேட்டுச் செய்தது போன்ற ஆட்டம்.

உலகம் பெரும்பாலும் சூப்பர் டர்போவின் பக்கம். 1996-இல் கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் ‘பேட்டில் பை தி பே’ என்ற பெயரில் ஒரு சின்னப் போட்டி நடந்தது. சுமார் நாற்பது பேர் கலந்துகொண்ட அந்தப் போட்டியில் ஆடியவற்றில் ஒன்று சூப்பர் டர்போ. அதுதான் வளர்ந்து இன்றைக்கு இவோ என்ற பெரிய திருவிழாவாகியிருக்கிறது. சூப்பர் டர்போவுக்குள்ளேயே முந்தைய பதிப்பின் ஆட்களை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்பது இன்னொரு அழகு. ஆளைத் தேர்ந்தெடுத்தபின் ஒரு ரகசிய ஒழுங்கில் அழுத்தினால் பழைய சாகட் வருவார். பெரிய வித்தை கிடையாது, தூக்கி எறிந்தால் அடியைக் குறைத்துக்கொள்ளவும் முடியாது. ஆனால் அவர் பந்து வீசிவிட்டு மீளும் வேகம் புதியவருக்கு இல்லை. ஜப்பானில் நல்ல ஆட்டக்காரர்கள் அவரை எடுப்பதில்லை என்று எழுதப்படாத ஒப்பந்தமே வைத்திருக்கிறார்கள். திருத்தப்பட்டவரைவிடத் திருத்தப்படாதவர் பலசாலி!

2003-இல் கேப்காம் ‘ஹைப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஐந்து பதிப்புகளில் எந்தப் பதிப்பின் ஆளை வேண்டுமானாலும் எடுக்கலாம். 1992-இன் எம். பைசனும் 1994-இன் ரியூவும் மோதலாம். அதைக் கேள்விப்பட்டபோது, ஆறு மணிக்கு வந்துகொண்டிருந்த அந்த மனிதரைத்தான் நினைத்தேன். அவருடைய பைசன் மறுபடி உயிரோடு இருக்கிறான்.

இப்போதெல்லாம் புதுப் பதிப்பு என்றால் இணையத்தில் ‘அப்டேட்’ இறங்கிவிடுகிறது. மறுபடி காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. அன்றைய முறையைவிட இது மேல்தானே?
த. மு., ஓசூர்

காசு விஷயத்தில் மேல். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 வீட்டுக்கு வந்தது 2009-இல். 2010-இல் ‘சூப்பர்’ தனி டிஸ்க்காக வந்தது. 2011-இல் ‘ஆர்கேட் எடிஷன்’ இறக்கிக்கொள்ளும்படி வந்தது. அதில் யுன், யாங் என்ற இரட்டையர்கள் அளவுக்கு மீறிய பலத்தோடு இருந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் இலவசமாகவே சரிசெய்தார்கள். 2016-இல் வந்த ஐந்தாம் பாகத்தில் தனியாக ஆடுபவர்கள் கம்ப்யூட்டரோடு வரிசையாக மோதும் ஆர்கேட் பகுதியே இல்லை. 2018-இல் ‘ஆர்கேட் எடிஷன்’ என்ற பெயரில் அதைச் சேர்த்து, ஏற்கெனவே வாங்கியவர்களுக்குச் சும்மா கொடுத்தார்கள். 63 லட்சம், 41 லட்சம், 20 லட்சம் என்று கேசட் விற்ற காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய நியாயம்.

எனக்கு ஒரே ஒரு குறை. அப்டேட் இறங்கியதும் நேற்றைய ஆட்டம் இல்லாமல் போகிறது. அன்றைக்கு ஹைப்பர் ஃபைட்டிங் வந்தபோது சாம்பியன் எடிஷன் பலகை அலமாரியில் இருந்தது. யாராவது கேட்டால் பத்து நிமிடத்தில் மாட்டிக் கொடுப்பேன். 2016-இல் முதல் நாள் ஆடிய ஐந்தாம் பாகத்தை, அதே ஆட்களோடு, அதே பலத்தோடு, இன்றைக்கு இணையத்தில் இன்னொருவரோடு ஆட முடியுமா? முடியாது. அந்த நாள் ஒருவர் கண்டுபிடித்த நல்ல வித்தை அவருடைய நினைவில் மட்டும் இருக்கிறது. நான்காம் பாகத்துக்கு 2014-இல் வந்த ‘அல்ட்ரா’ பதிப்பில் முந்தைய பதிப்புகளின் ஆட்களையும் தேர்ந்தெடுக்க வழி வைத்திருந்தார்கள். எல்லாக் கம்பெனிகளும் அப்படிச் செய்ய வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

காலமான என் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த சாம்பல் நிறப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. மேலே சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 என்று ஸ்டிக்கர். இது வேலை செய்யுமா?
ந. அ., தேவகோட்டை

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சாம்பல் நிறம் என்றால் ஆசியாவுக்கு விற்ற பலகை. ஜப்பானுக்குப் பச்சை, அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் நீலம். நான் வேலை பார்த்த கடையில் இருந்ததும் சாம்பல்தான்.

முதல் மூன்று பதிப்புகளின் பலகைகளைத் திருடர்கள் எளிதாக நகலெடுத்தார்கள். அதனால் சூப்பரிலிருந்து கேப்காம் புதிய ஏற்பாட்டுக்குப் போனது. சிபிஎஸ்-2 என்று பெயர். ஆட்டத்தின் நிரலைப் பூட்டி வைத்து, பூட்டின் சாவியை ஒரு சிப்புக்குள், பேட்டரி இருக்கும் வரை மட்டும் நிற்கும் நினைவிடத்தில் வைத்தார்கள். பேட்டரி தீர்ந்தால் சாவி போய்விடும். பவர் போட்டால் ஆட்டம் வராது, ஒரே நிறத்தில் வெறும் திரை நிற்கும். எங்களைப் போன்ற மெக்கானிக்குகள் இதைத் ‘தற்கொலை பேட்டரி’ என்போம். நியாயமாகக் காசு கொடுத்து வாங்கியவரின் பலகையும் ஒரு நாள் தானாகச் சாகும் என்ற ஏற்பாட்டை நான் அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை.

உங்கள் பலகை இத்தனை வருடத்தில் சாவியை இழந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அதற்காகத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்தப் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பதை 2007-இல் ஆர்வலர்கள் முழுவதுமாகக் கண்டுபிடித்துவிட்டார்கள். பிறகு சாவியைத் திரும்ப எழுதும் வழியும் கிடைத்துவிட்டது. ஒரு சின்ன மின்னணுப் பலகையும் நான்கைந்து வயரும் போதும். செத்த பலகைகள் பல எழுந்து உட்கார்ந்திருக்கின்றன.

இப்போது அவசரமான வேலை வேறு. பழைய பேட்டரி கசிந்தால் அதன் ரசாயனம் பலகையின் தாமிரக் கோடுகளை அரித்துவிடும். சாவி போனால் எழுதலாம், கோடு போனால் பெரும்பாடு. பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி, உலர்ந்த துணியால் வெளியே துடையுங்கள். பவர் எதுவும் கொடுக்க வேண்டாம். உங்களிடம் இருப்பது மேல் பாதி மட்டுமா, அடியில் இன்னொரு பெட்டியும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் ஓடும். பிறகு மேல் மூடியை மெதுவாகத் திறந்தால், சாதாரண பென்சில் செல்லில் பாதி உயரத்துக்கு ஒரு லித்தியம் பேட்டரி தெரியும். 3.6 வோல்ட். அதைத் தொடாதீர்கள், சால்டரிங் நன்றாகத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் கழற்றவே வேண்டாம். ஒருவேளை உயிர் இன்னும் மிச்சமிருந்தால், கழற்றிய கையோடு புதியதை மாட்டியாக வேண்டும்.

பகல் வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுங்கள். பேட்டரியும் அதைச் சுற்றியுள்ள கோடுகளும் அதில் தெளிவாகத் தெரிய வேண்டும். பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் அந்த இடத்தைக் கிட்டத்தில் இன்னொன்று எடுங்கள். இரண்டையும் பத்திரிகை முகவரிக்கு என் பெயரில் அனுப்புங்கள், பார்த்துவிட்டு உங்களுக்குத் தனியாக எழுதுகிறேன்.